மட்டைக்கு ஒன்று

நாமக்கல்
18.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி நவநீதகிருஷ்ணன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் கலைமணியும் சுகம். உங்கள் முழங்கால் வலி எந்த அளவில் இருக்கிறது என்பதை மறைக்காமல் எழுதவும். சென்ற கடிதத்தில் "பரவாயில்லை" என்று எழுதியிருந்தீர்கள். அது எதையும் தெரிவிக்கும் சொல் அல்ல.

பரமத்தி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பிய கள்ளிப்பழ ஜெல்லி உடையாமல் வந்து சேர்ந்தது. கலைமணி பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதத் திங்கறதுங்களா, கழுத்துல கோத்துப் போட்டுக்கறதுங்களா?" என்றாள். தோசையில் தடவிச் சாப்பிட்டோம். யோகேஷ் இருந்த காலத்துச் சுவை அப்படியே இருக்கிறது.

அந்தப் பெயரை எழுதிவிட்டபடியால், கடிதத்தின் காரியத்தையும் எழுதிவிடுகிறேன். உங்கள் மகன் போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போனவன், வழியில் டீ குடிக்க இறங்கி, மீண்டும் வண்டியில் ஏறவில்லை. இந்த ஆனியோடு ஏழு ஆண்டுகள் நிறைந்தன. ஒருவர் உயிருடன் இருந்தால் அவரைப் பற்றி இயல்பாகக் கேள்விப்பட்டிருக்கக் கூடியவர்கள், ஏழாண்டுகளாக எதையும் கேள்விப்படவில்லை என்றால், அவர் இறந்துவிட்டதாக நீதிமன்றம் அனுமானிக்கச் சட்டம் இடம் தருகிறது. அனுமானம் என்ற சொல்லைக் கவனிக்கவும். அவன் இறந்தான் என்று யாரும் கண்டதாக நான் எழுதவில்லை.

உங்கள் மருமகள் தேவிப்ரியா பரமத்தி வேலூர்த் தாய் வீட்டிலிருந்து வந்து என்னைப் பார்த்தாள். அயோத்தியாப்பட்டணத்தில் பள்ளி வேன் ஓட்டும் தனபால் என்பவர் அவளைப் பெண் கேட்டிருக்கிறார். மனைவியை இழந்தவர், நல்லவர் என்று விசாரித்ததில் தெரிகிறது. விவாகரத்துக் கேட்க அவளுக்கு மனமில்லை. "அவர் எனக்கொரு கெடுதலுஞ் செய்யலீங்களே, என்னன்னு எழுதறது?" என்றாள். ஆகவே இந்த வழிதான் மிச்சம். உறவினன் என்பதால் நான் ஆஜராகவில்லை. வக்கீல் நண்பர் சென்னிமலை வழக்கைத் தாக்கல் செய்வார்.

உறுதிமொழிப் பத்திரம் ஒன்று இத்துடன் உள்ளது. கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். பெற்ற தாய் மறுத்துச் சொன்னால் வழக்கு நிற்காது என்பதை மட்டும் தெரிவிக்கிறேன். வற்புறுத்தவில்லை.

உங்கள் போன் மணி அடித்தால் அது அவனாக மட்டுமே இருக்க வேண்டும், மற்ற யாரும் அந்த எண்ணுக்கு அழைத்து லைனை அடைக்கக் கூடாது என்று நீங்கள் விதித்ததை இன்றுவரை மீறவில்லை. பதிலைத் தபாலில் எதிர்பார்க்கிறேன்.

பணிவுடன்,
நவநீதகிருஷ்ணன்


மேட்டுக்காடு, பரமத்தி வழி
2.9.2024

அன்புத் தம்பிக்கு,

அக்கா வசந்தாமணியின் ஆசீர்வாதம். நீயும் கலைமணியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். முழங்கால் வலிக்கிறது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. இது போதுமா வக்கீலுக்கு?

கலைமணிக்கு ஜெல்லி பிடித்ததில் சந்தோஷம். அவளுக்குச் செய்முறை எழுதுகிறேன். பழத்தை வெறும் கையால் தொடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத சுணைமுள் ஒரு வாரம் விரலில் குடியிருக்கும். மணலில் போட்டுச் சாக்குத் துண்டால் உருட்டித் தேய்க்க வேண்டும். பிறகு தணலில் ஒரு புரட்டு. அறுத்தால் நடுவில் நட்சத்திரம் மாதிரி ஒரு முள் இருக்கும், அதை எடுக்க மறக்கவே கூடாது, தொண்டையில் நின்றுவிடும். சாற்றை வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்ட வேண்டும். கள்ளிச் சாறு தானாக உறையாது, சர்க்கரையைக் கொட்டினாலும் பாகாகவே நிற்கும். அரைக்காய் கொய்யாவை வேகவைத்த தண்ணீரையும் எலுமிச்சையையும் சேர்த்தால்தான் பிடிக்கும். இது தேவி சொல்லித்தந்தது. கல்யாணமாகி வந்த வருசம் அவன் பறிக்க, அவள் வடிகட்ட, நான் கிண்டினேன். தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்தால் ஓடக் கூடாது. ஓடாவிட்டால் இறக்கிவிடலாம்.

என் காலுக்கு இனிமேல் குன்றோரக் கள்ளிக்காட்டுக்குள் நுழைய முடியாது. அதனால் ஒன்றும் குறையவில்லை. பழம் கரட்டடிப் பாறையில் தயாராக இருக்கிறது. போய் எடுத்து வருவதோடு சரி.

வெங்காயம் நன்றாக வந்திருக்கிறது. உனக்கும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அக்கா


நாமக்கல்
10.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கு யாவரும் நலம். உங்கள் முழங்காலுக்குத் தைலம் ஒன்று இத்துடன் அனுப்பியிருக்கிறேன். காலை, மாலை தடவவும்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பத்திரத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. மௌனம் சில இடங்களில் சம்மதம், சில இடங்களில் மறுப்பு. எது என்று ஊகிக்க எனக்கு உரிமை இல்லை.

அதைவிட என்னை நிறுத்தி வைத்தது வேறு ஒரு வரி. "பழம் கரட்டடிப் பாறையில் தயாராக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் வைக்கிறார்கள்? எப்போதிலிருந்து? நேரில் யாரையாவது பார்த்தீர்களா? அங்கே ஆடு மேய்க்கும் சடையனிடம் விசாரித்தீர்களா? தனியாக இருக்கும் உங்களுக்கு யாரோ ஒருவர் பெயர் சொல்லாமல் பண்டம் வைத்துவிட்டுப் போவது நல்லதற்கா கெட்டதற்கா என்பது தெரியாமல் நான் நிம்மதியாக இருக்க முடியாது.

பார்த்ததையும் நினைத்ததையும் தனித்தனியாக எழுத வேண்டுகிறேன்.

பணிவுடன்,
நவநீதகிருஷ்ணன்


மேட்டுக்காடு
29.9.2024

அன்புத் தம்பிக்கு,

ஆசீர்வாதம். தைலம் கிடைத்தது. நாற்றம் தாங்காமல் பூனை வீட்டைவிட்டு ஓடிவிட்டது, வலி மட்டும் ஓடவில்லை.

பார்த்ததை முதலில் எழுதுகிறேன். இரண்டு வருசத்துக்கு முன் ஆவணியில் ஒரு நாள், கரட்டடியில் பறிக்க முடியுமா என்று தடியை ஊன்றிக்கொண்டு போனேன். பாறையின் மேல் ஒரு ஆமணக்கு இலை. அதில் மணலில் தேய்த்துச் சுணை போக்கிய பழங்கள், எல்லாம் பூ உதிர்ந்த கொண்டை கீழே வைத்து வரிசையாக. நான் எடுத்துக்கொண்டு வந்தேன். அடுத்த வாரம் போனால் மறுபடி இலை, மறுபடி பழம். அந்த வருசம், போன வருசம், இந்த வருசம்.

சடையனைக் கேட்டேன். "நானுங்களா? அந்த முள்ளுக்குள்ள கையுட நா என்ன கிறுக்கனுங்களா ஆத்தா? ஒரு ரூவாய்க்குக் கடையில முட்டாய் குடுக்கறானுங்க" என்றான். பிறகு ஆடுகளை அந்தப் பக்கம் விடுவதையே நிறுத்திவிட்டான்.

யாரையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் செடியைப் பார்த்தேன். எல்லாக் கள்ளி மட்டையிலும் பழத்தைப் பறித்துவிட்டு மட்டைக்கு ஒன்று மட்டும் விட்டிருக்கிறது. தம்பி, இந்த ஊரில் கள்ளிப்பழம் பறிப்பவர்கள் மொட்டையடித்துவிட்டுத்தான் போவார்கள். மட்டைக்கு ஒன்று விடுகிறவன் ஒருவன்தான். ஏன்டா என்று கேட்டால், "கள்ளிக்கும் ஒரு பங்கு வேணுமில்லீங்கம்மா? இல்லாட்டி அடுத்த வருசம் நம்மளக் கண்டுக்காதுங்க" என்பான். கொண்டை கீழே பார்க்க ஆமணக்கு இலையில் வைப்பவனும் அவன்தான்.

இப்போது நினைத்ததை எழுதுகிறேன். வேண்டாம், எழுதவில்லை. உனக்கே தெரியும்.

இயல்பாகக் கேள்விப்பட்டிருக்கக் கூடியவர் என்று எழுதியிருந்தாயே, அது நான்தானே? வருசா வருசம் ஆவணியில் நான் கேள்விப்படுகிறேன். அப்படியிருக்க, கேள்விப்படவில்லை என்று எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

தேவி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளிடம் சொல்.

இப்படிக்கு,
அக்கா


நாமக்கல்
20.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம். தீபாவளிக்குக் கலைமணி உங்களுக்குச் சேலை எடுத்து வைத்திருக்கிறாள், பச்சைக் கரை.

தாமதத்துக்கு மன்னிக்கவும். சென்ற ஞாயிறு மாலை ஒரு காரியமாக வேலூர் போயிருந்தேன். தேவிப்ரியாவின் வீட்டுக்கும் சென்றேன். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளு நடந்துகொண்டிருந்தது. உங்களுக்குக் கோபம் இல்லை என்ற செய்தியை அவளிடம் தெரிவித்தேன். அவளுடைய தாயார் பொன்னாத்தாள் நலம். தேவிப்ரியா நலம். அவள் கைகளும் நலமாக இருக்கின்றன. தனபால் வீட்டார் தை மாதம் வரை காத்திருக்கச் சம்மதித்திருக்கிறார்கள்.

பத்திரத்தைப் பற்றி இப்போது நான் எதுவும் கேட்கவில்லை. அது உங்களிடமே இருக்கட்டும்.

மழை தொடங்கிவிட்டது. கரட்டுப் பக்கம் வழுக்கும், கவனம்.

பணிவுடன்,
நவநீதகிருஷ்ணன்


மேட்டுக்காடு
25.10.2024

தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். சேலை விவரத்தைக் கலைமணியே சொல்லியிருக்கலாம், நீ சொல்லிக் கெடுத்துவிட்டாய்.

ஒருவர் நலமாக இருக்கிறார் என்று எழுதுவார்கள். கால் நலம் என்றும் எழுதலாம், காலில் கோளாறு இருந்தால். தேவியின் கைகள் நலம் என்று எதற்காக எழுதினாய்? அவள் கைக்கு என்ன?

நீ சின்ன வயதிலிருந்தே பொய் சொல்ல மாட்டாய். சொல்ல வேண்டிய இடத்தில் சுற்றிக்கொண்டு போவாய். போகிற வழியில் எதையாவது கீழே போட்டுவிடுவாய். அதைப் பொறுக்கிக்கொண்டுதான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

பார்த்ததை மட்டும் எழுது. நினைத்தது வேண்டாம்.

அக்கா


நாமக்கல்
9.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கத்துடன் எழுதுவது. உடல்நிலை எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு இந்தக் கடிதத்தைத் தொடர எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஆயினும் கேட்கிறேன். நலம்தானே? உட்கார்ந்து படிக்கவும்.

அன்று நான் போனபோது பொன்னாத்தாள் கொட்டகையில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வாங்க வக்கீலய்யா. கையெழுத்து வந்துருச்சுங்களா, இல்ல எம்பொண்ணு கெழவியாகற மட்டும் காத்திருக்கோணுங்களா?" என்றார். பக்கத்தில் தேவிப்ரியா இரு கைகளையும் வெயிலில் நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். விரல்கள் முழுவதும் மைதாப் பசை பூசிக் காய்ந்திருந்தது. அதை உரிக்க உரிக்க, பொடி முட்கள் பசையோடு வந்தன. முறைக்கு நான் அவளுக்குச் சித்தப்பா ஆகிறேன். கேட்கும் உரிமை உண்டு என்று கருதிக் கேட்டேன்.

"கையில் என்னம்மா?"

"தோட்டத்து வேலைங்க சித்தப்பா."

"வெற்றிலைக் கொடிக்காலில் சுணைமுள் ஏது?"

அவள் மறுபடி பசையை உரிக்கத் தொடங்கினாள். பொன்னாத்தாள் சொன்னார்: "கேளுங்க, நல்லாக் கேளுங்க. ஆவணி பொறந்தாப் போதும், ஞாயித்துக்கெழமையானாக் கோயலுக்குன்னு பஸ் ஏறிருவா. எந்தக் கோயல்ல முள்ளப் பிரசாதமாக் குடுக்கறாங்கன்னுதான் எனக்குந் தெரியல."

நான் புறப்பட்டபோது அவள் பஸ் நிறுத்தம் வரை கூட வந்தாள். வாய்க்கால் கரையில் நடக்கும்போது அவளாகவே பேசினாள்.

"நாந்தானுங்க வெக்கறேன். அத்தையப் பாக்கோணும்னுதான் ஒவ்வொருக்காவும் வாரனுங்க. ஊட்டு வாசல் வரைக்கும் வந்து மூஞ்சியக் காட்ட முடியலீங்க. அந்த ஊட்ட உட்டு வந்தவதானுங்களே நான். கரட்டடியோட திரும்பிருவேன்."

"மட்டைக்கு ஒன்று விடுவது?"

"அவரு சொல்லிக் குடுத்ததுங்க. எனக்கு வேற மாதிரி பறிக்கத் தெரியாதுங்க."

"உன் அத்தை அதை யாரென்று நினைக்கிறார் தெரியுமா?"

"சடையண்ணன் சொன்னாருங்க. அதுக்கப்பறம் எப்புடிங்க நிறுத்தறது? நிறுத்துனா அவரக் கொன்னவ நானாயிருவனுங்களே."

அப்படியானால் வழக்கு வேண்டாம் என்கிறாயா என்று கேட்டேன். நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வேணுமுங்க. எனக்கும் ஒரு ஊடு வேணுமுங்க சித்தப்பா. ரெண்டும் நெசந்தானுங்க. அத்தைகிட்டச் சொல்லிறாதீங்க."

சொல்ல மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. பார்க்கலாம் என்றேன். அதனால்தான் கைகள் என்று எழுதி, அதற்கு மேல் எழுதாமல் விட்டேன். நீங்கள் நேராகக் கேட்டபின் மறைப்பது முறையல்ல. மற்ற விவரங்கள் வழக்குக்குத் தேவையில்லாதவை.

அக்கா, பழம் வைத்தது ஒரு உயிருள்ள பெண். இது ஒன்றே நான் தெரிவிக்க வேண்டியது. முடிவு உங்களுடையது. இதை எழுதியதால் நான் உங்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டேன் என்பது எனக்குத் தெரியும்.

பணிவுடன்,
நவநீதகிருஷ்ணன்


மேட்டுக்காடு
2.2.2025

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். பொங்கலுக்கு நீ அனுப்பிய வாழ்த்தும், அதற்கு முன் அனுப்பிய இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பிரிக்கவில்லை. தப்பாக நினைக்காதே. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

தேவியைப் பற்றி எழுதிய உன் ஐப்பசிக் கடிதம் வந்தபின் நான் கரட்டடிக்குப் போகவில்லை. பாறையில் பழம் இருந்து அழுகியிருக்கும், எறும்பு தின்றிருக்கும். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். கடைசிப் பழங்கள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. நிழலில் உட்கார்ந்திருந்தேன். தேவி வந்தாள். கையில் இடுக்கி, தோளில் சாக்கு. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏனுங்கத்தை, இந்தக் காலோட இங்கெதுக்கு வந்தீங்க?"

"நீ எதுக்கு வந்த?"

"பழம் பறிக்கங்க."

"அப்பப் பறி. நின்னா பழம் தானா சாக்குல வந்து உழுகுமாக்கும்?"

பறித்தாள். மட்டைக்கு ஒன்று விட்டாள். அவள் கை போகிற போக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அச்சு அசல் அவன் கை. ஒரு மனுசன் போனபின் அவன் கை மட்டும் இன்னொருத்தி உடம்பில் வேலை செய்யுமா தம்பி? செய்கிறது, பார்த்தேன்.

"ஊட்டுக்கு வா சாமி" என்றேன். நாலு வருசம் கழித்து அந்த அடுப்படிக்குள் வந்தாள். வேட்டித் துணி எங்கே இருக்கிறது என்று கேட்காமலே எடுத்தாள். அவள் வடிகட்ட நான் கிண்டினேன். இரண்டு பேரும் அவன் பேரை எடுக்கவில்லை. தட்டில் சொட்டு விட்டுச் சாய்த்தாள். ஓடியது. இன்னும் கொஞ்சம் என்றேன். மறுபடி விட்டாள். நின்றது. "நின்னுருச்சுங்கத்தை" என்று சொல்லிவிட்டு என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நான் அழவில்லை. கிண்டுவதை நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும்.

அவள் போனபின் பத்திரத்தை எடுத்து, நீ வைத்த பென்சில் புள்ளியில் கையெழுத்துப் போட்டேன். விரல் கறை கொஞ்சம் பட்டுவிட்டது. நீதிபதி ஏதாவது கேட்டால் கள்ளிப்பழம் என்று சொல்.

ஒரு பாட்டில் அவள் கல்யாணத்துக்கு எடுத்து வைத்திருக்கிறேன். நான் வர மாட்டேன், நல்ல காரியத்தில் நான் எதற்கு. நீ போய் முன்னால் நில்.

காரியம் முடிந்தபின் நீ எனக்குப் போன் செய்யலாம். இனி யாருக்காக லைனைக் காத்து வைப்பது?

இப்படிக்கு,
அக்கா


நாமக்கல்
20.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கு யாவரும் நலம். உங்கள் நலத்தை அறிய விரும்புகிறேன்.

வைகாசியில் தீர்ப்பு வந்த செய்தியைச் சென்ற கடிதத்தில் எழுதியிருந்தேன். ஆனி முடிவதற்குள் தேவிப்ரியாவின் திருமணமும் நடந்தேறியது. சொந்தக்காரர்கள் மட்டும். நீங்கள் சொன்னபடி முன்னால் நின்றேன். நீங்கள் அனுப்பிய ஜெல்லிப் பாட்டிலை அவள் சீர்த்தட்டுகளோடு வைக்கவில்லை. மணமேடையிலிருந்து இறங்கும்போதும் கையிலேயே வைத்திருந்தாள். தனபால், "அத எங்கிட்டக் குடு, கூட்டத்துல ஒடஞ்சிரும்" என்றார். "ஒடையாதுங்க" என்றாள். அவர் மறுபடி கேட்கவில்லை. நல்ல மனிதர் என்று நான் முடிவு செய்தது அந்த இடத்தில்தான். அவள் இனி அயோத்தியாப்பட்டணத்தில் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கரட்டடிக்கு வருவதற்கில்லை என்று என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

உங்கள் எண்ணுக்கு அழைக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். பலமுறை எண்ணைப் போட்டேன். கடைசி எண்ணை அழுத்த விரல் மறுத்தது. அதற்குக் காரணம் உண்டு. இப்போது எழுதுகிறேன்.

வாய்க்கால் கரையில் அவள் சொன்னவற்றுள் ஒன்றை நான் உங்களுக்கு எழுதவில்லை. வழக்குக்குத் தேவையில்லாதது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எப்படித் தொடங்கினாய் என்று அவளிடம் கேட்டிருந்தேன். அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே தருகிறேன்:

"மொத தடவ நான் வெக்கலீங்க. சும்மா பாத்துட்டுப் போலாம்னு கரட்டடிக்கு வந்தப்ப, பாறையில ஆமணக்கு எலையில பழம் இருந்துதுங்க, கொண்டை கீழ வெச்சு. அத்தை பறிச்சு வெச்சுட்டு எங்கியோ போயிருக்கறாங்கன்னு நெனச்சேன். பயந்துட்டு ஓடி வந்துட்டேன். அடுத்த வாரம் வந்தா வெறும் எலைதான் கெடந்துது. செடியில பழம் நெறைய இருந்துது. அத்தைக்குக் கால் முடியலையாட்ட இருக்குதுன்னு நான் பறிச்சு வெச்சேன். அன்னைக்குத் தொடங்குனதுங்க."

அந்த முதல் பழங்களை வைத்தது நீங்கள்தான் என்று நான் கருதுகிறேன். வேறு விதமாக இருக்க வழியில்லை. பறித்து வைத்துவிட்டு மறந்திருக்கலாம், அல்லது என் கேள்விக்கு விடை எழுதியபோது வரிசை மாறியிருக்கலாம். வயதில் இது இயல்பு. "ஆம், நான்தான்" என்று ஒரு வரி எழுதினால் போதும். நீதிமன்றத்தில் சொல்லப்பட்டவை முழுவதும் உண்மை என்ற நிம்மதி எனக்கு வேண்டும். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

பணிவுடன்,
நவநீதகிருஷ்ணன்


மேட்டுக்காடு
14.9.2025

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். நீயும் கலைமணியும் நன்றாக இருக்க வேண்டும். தேவியும் அந்தப் பையன் தனபாலும் நன்றாக இருக்க வேண்டும். போன வாரம் இரண்டு பேரும் வந்து விழுந்து கும்பிட்டுப் போனார்கள். அந்தப் பையன் என்னை அம்மா என்றான், தடுமாறாமல். முழங்கால் இந்த வருசம் கொஞ்சம் தேவலை. நிஜமாகவே தேவலை, அதனால்தான் இதை எழுத முடிகிறது.

நீ எதையோ விட்டு வைத்திருக்கிறாய் என்று எனக்கு அப்போதே தெரியும். "மற்ற விவரங்கள்" என்று எழுதியிருந்தாய். நீ மற்றவை என்று ஒதுக்குவதில்தான் விசயம் இருக்கும்.

நீ கேட்ட வரியை எழுத முடியவில்லை, தம்பி. அந்த முதல் பழங்களை நான் வைக்கவில்லை. நான் போனபோது அவை இருந்தன. எடுத்துக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

பயப்படாதே. கையெழுத்து கையெழுத்துதான். அதைத் திரும்பக் கேட்க மாட்டேன். தேவிக்கு ஒரு வீடு கிடைத்தது, அந்த வீடு நிலைக்கட்டும். கோர்ட்டில் அவன் செத்தவனாகவே இருக்கட்டும்.

ஆவணி பிறந்ததும் பாறையில் போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. காய்ந்த இலைகூட இல்லை. எல்லாம் முடிந்தது என்று திரும்பினேன். செடியைப் பார்த்தால் பழம் பழுத்துச் சிவந்து கிடக்கிறது, பறிக்க ஆள் இல்லை. மனசு கேட்கவில்லை. மறுநாள் இடுக்கி எடுத்துக்கொண்டு போய், கைக்கு எட்டிய மட்டில் நானே பறித்தேன். மட்டைக்கு ஒன்று விட்டேன். மணலில் தேய்த்தேன். ஆமணக்கு இலை பறித்து, கொண்டை கீழே பார்க்க வரிசையாக வைத்தேன். இத்தனை வருசம் எனக்கு யாரோ வைத்தார்கள், ஒரு தடவை நான் வைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, எடுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

காலையில் போய்ப் பார்த்தேன். பழம் இல்லை.

மயிலாக இருக்கும் என்பாய். மயில் என்றால் கொத்திச் சிதறியிருக்கும், பாறையெல்லாம் சிவப்பாக இருந்திருக்கும். சடையனுடைய ஆடு என்பாய். ஆடு என்றால் இலையை முதலில் தின்றிருக்கும். இலை வைத்தது வைத்தபடி இருந்தது, நுனிகூட மடங்கவில்லை. யாரோ பொறுமையாக ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் எடுக்கவில்லை, தம்பி. இலையின் நடுவில் ஒன்றே ஒன்றை விட்டிருந்தது.

இதை விசாரிக்காதே. வேலூருக்கோ அயோத்தியாப்பட்டணத்துக்கோ போய் யாரையும் கேட்காதே. நான் பார்த்ததை மட்டும் எழுதியிருக்கிறேன், நினைத்ததை எழுதவில்லை. அதுதானே நீ சொல்லித்தந்த முறை?

இன்னொன்று. எனக்குப் போன் செய்யலாம் என்று எழுதியிருந்தேனே, அது வேண்டாம். இதுவரை செய்ததுபோல் எழுதிக்கொண்டே இரு. லைன் சும்மா இருக்கட்டும் சாமி.

இப்படிக்கு,
அக்கா வசந்தாமணி